ஹெர்மெலிண்டாவுக்கு இருபத்தெட்டுப் பிள்ளைகள்

“டீச்சர், சிவப்பா, நீலமா?”

காலை எட்டு மணிக்குக் கொடிக் கம்பத்தை விட்டு வகுப்புக்குள் நுழைந்த கையோடு இந்தக் கேள்வி ஆரம்பித்துவிடும். தேதிக்குச் சிவப்பா நீலமா, தலைப்புக்குச் சிவப்பா நீலமா, அடிக்கோட்டுக்குச் சிவப்பா நீலமா. மூக்கு ஒழுகினாலும் வயிறு வலித்தாலும் சமாளித்துக்கொள்வார்கள். ஆனால் இது தெரியாமல் சமாபாத்தா ஆரம்பப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளையும் பென்சிலைத் தாளில் வைக்காது. எடெல்மிரா டீச்சர் பதினெட்டு வருடம் பொறுமையாகப் பதில் சொன்னாள். பத்தொன்பதாவது வருடம் அந்தக் கேள்வியைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சட்டத்தைப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றியதே அவள்தான் என்பதுதான் கொடுமை. எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு பென்சில் விற்பார்கள், ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். தலைப்பும் தேதியும் வாக்கியத்தின் முதல் எழுத்தும் சிவப்பு. மற்றதெல்லாம் நீலம். தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு, அதுவும் சிவப்பு. டீச்சர் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவாள். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பக்கம் நிறையும்வரை எழுதுவார்கள். மணி அடிக்கும்போது கை வலிக்கும், பக்கம் நிறைந்திருக்கும். இதற்குப் பெயர் எழுத்துப் பாடம்.

எடெல்மிரா வில்கபோமாவும் அப்படித்தான் படித்தாள். அவள் அம்மா ஹெர்மெலிண்டா சந்தையில் உருளைக்கிழங்கு விற்றவள், ஓர் எழுத்தும் தெரியாதவள். இருந்தாலும் மகளின் நோட்டைத் தினமும் சோதிப்பாள். கட்டைவிரலால் பக்கங்களைச் சர்ரென்று விசிறுவாள். வெள்ளைப் பக்கம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், அன்றைக்கு மகளுக்கும் திட்டு, மகளின் டீச்சருக்கும் திட்டு. அவள் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. எங்கள் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் ஒரு டீச்சர் நல்லவளா கெட்டவளா என்று தெரிந்துகொள்ள அந்தக் கட்டைவிரல் சோதனைதான். அதில் எடெல்மிரா ஒரு வருடமும் தோற்றதில்லை. அவளிடம் படித்த பிள்ளைகளின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

போன நவம்பரில்தான் எல்லாம் கெட்டது. அம்மாவைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தாள். மாதிரிக்காகப் பலகையில் தன் அம்மாவைப் பற்றி இரண்டு வரி போட்டாள்: ‘என் அம்மாவின் பெயர் ஹெர்மெலிண்டா. அவர் சந்தையில் உருளைக்கிழங்கு விற்றார்.’ இது என் அம்மா, நீங்கள் உங்கள் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள். பிறகு காலைக் கஞ்சிக்கான மூட்டைகள் வந்து இறங்கியதற்குக் கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போனாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து நோட்டுகளைச் சேகரித்தாள்.

இருபத்தெட்டு நோட்டு. இருபத்தெட்டிலும் அம்மா பெயர் ஹெர்மெலிண்டா. இருபத்தெட்டு அம்மாக்களும் சந்தையில் உருளைக்கிழங்கு விற்றார்கள். சுகாதார நிலையத்து நர்ஸின் மகனும் அதையே எழுதியிருந்தான், பேக்கரிக்காரியின் மகளும் அதையே எழுதியிருந்தாள். பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்த பையன் ஒருவன் வகுப்பில் இருந்தான். அவனும் ‘என் அம்மாவின் பெயர் ஹெர்மெலிண்டா’ என்று, வாக்கியத்தின் முதல் எழுத்தைச் சிவப்பில் போட்டு, அழகாக எழுதியிருந்தான். ஏன்டா என்று கேட்டதற்கு, “போர்டுல அப்படித்தான டீச்சர் இருந்துச்சு” என்றான்.

நாலாம் வகுப்பு டீச்சர் நெலிதா இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “போய்ச் சேந்த பிறகும் உங்கம்மா இருபத்தெட்டு பெத்திருக்காங்க. சிரிடி எடெல்மி” என்றாள். எடெல்மிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருடமாக நான் எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஈயடிச்சான் காப்பி அடிக்கத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று அன்று அவளுக்கு உறைத்தது. பிள்ளைகள்மேல் வந்த கோபம் வீடு போய்ச் சேருவதற்குள் அவள்மேலேயே திரும்பிவிட்டது.

மார்ச்சில் பள்ளி திறந்ததும் புதிய இரண்டாம் வகுப்பு வந்தது. இருபத்தாறு பேர். இந்த வருடம் பார்த்து எழுதுவது கிடையாது, தினமும் ஒரு வரி, அவரவர் மண்டையிலிருந்து வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பெற்றோர் கூட்டத்திலும் சொன்னாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவள் என்ன சொன்னாள் என்று ஒருவர் காதிலும் ஏறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

“என்ன போடுறது டீச்சர்?”

“உனக்கு என்ன தோணுதோ அதப் போடு.”

“எனக்கு எதுவும் தோணல டீச்சர்.”

ஏழு வயதுப் பிள்ளைக்கு எதுவும் தோன்றவில்லையாம். வெளியே விட்டால் ஆடு தப்பித்த கதை, அண்ணன் மண்டை உடைந்த கதை, பக்கத்து வீட்டுச் சேவல் கொத்திய கதை என்று வாய் மூடாது. தாளைக் கொடுத்தால் வாயும் கையும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ஒரு பெண் சுவரைப் பார்த்து ‘கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவவும்’ என்று எழுதிக் கொடுத்தாள். இன்னொருத்தி ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று எழுதியிருந்தாள். ஓட்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம். யெஃபர்சன் என்ற பையன் பக்கம் முழுவதும் அன்றைய தேதியை எழுதி நிரப்பினான், ஒரு வரி சிவப்பு, ஒரு வரி நீலம். அன்றைக்கு எடெல்மிரா மேசையில் ஓங்கி அறைந்துவிட்டாள். நாலு பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. அவள் முற்றத்துக்குப் போய், பனி உறைந்து கிடந்த குழாயைத் தட்டித் திறந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். முகம் குளிர்ந்தது, ஆத்திரம் குளிரவில்லை.

ஏப்ரல் போனது, மே போனது. ஜூனில் அப்பாக்களும் அம்மாக்களும் நோட்டை விசிறிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி, அதுவும் கோணல்மாணலாக, அடித்துத் திருத்தி. மூன்றாம் வகுப்பு நோட்டு ஒன்று முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கும்போது, இங்கே முதல் நோட்டே பாதிகூடத் தாண்டவில்லை. பள்ளி வாசலில் பேச்சு கிளம்பியது. இந்த டீச்சருக்கு என்ன ஆயிற்று, உடம்புக்கு ஏதாவதா, இல்லை சோம்பேறித்தனமா என்று அவள் காதுபடவே பேசினார்கள். சோம்பேறித்தனமாம். பலகையில் ஒரு வரி போட்டுவிட்டுக் கம்பளி நூலை எடுத்துப் பின்ன உட்கார்ந்துவிடுவதுதான் சோம்பேறித்தனம், அதைப் பதினெட்டு வருடம் செய்தபோது நல்ல டீச்சர் என்றார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மிலுஸ்கா என்றொரு பெண் வகுப்பில் இருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்து, இரட்டைச் சடையை இறுக்கிப் பின்னிக்கொண்டு, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேச மாட்டாள். ஆகஸ்டில், விதைப்புக்கு முன் எல்லோரும் வாய்க்கால் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் நாட்களில் ஒரு நாள், அவள் கேள்வியே கேட்காமல் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, சாதாரணப் பென்சில்.

‘விடியிறதுக்கு முன்னாடி நானும் அப்பாவும் மதகைத் திறந்தோம். எங்க முறை இல்ல. தண்ணி ரொம்ப சில்லுனு இருந்துச்சு. அப்பா சிரிச்சாரு.’

எடெல்மிரா அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தாள். ஐந்து மாதம் தொண்டை கிழியக் கத்தியதற்கு வந்து சேர்ந்த முதல் கூலி. நாலு வரி, நாலும் அந்தப் பிள்ளையுடையது. வேறு யாராலும் அதை எழுதியிருக்க முடியாது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தாளைக் கிழித்து, கஞ்சிப் பானை வைக்கும் மேசைக்கு நேர் மேலே, எல்லோர் கண்ணிலும் படும் சுவரில், நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினாள். வரிகளின் அழகை மட்டும் பார்த்தாள் டீச்சர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யோசிக்கவே இல்லை.

கஞ்சி காய்ச்ச அம்மாக்கள் முறை வைத்து வருவார்கள். அந்த வாரம் கிறிசாந்தாவின் முறை. மதகு திறந்த அன்று தண்ணீர் முறையும் அவளுடையதுதான். பானையைத் துழாவிக்கொண்டே, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டி அந்தத் தாளைப் படித்தாள். படித்து முடித்ததும் கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டு நேராக வாய்க்கால் கமிட்டிக்கு நடந்தாள்.

மிலுஸ்காவின் அப்பா எலாதியோ அந்த வகுப்பின் பெற்றோர் சங்கத் தலைவன். கமிட்டி அவனை ஊர் நடுவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டது. மேல்வாய்க்காலைத் தனி ஆளாக மூன்று நாள் தூர்வாரச் சொன்னது. அந்த வழியாகப் போனவர்கள் எல்லாம் தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு எலாதியோ ஒரு மனு எழுதினான். மனுவில் தண்ணீரைப் பற்றி மூச்சு இல்லை. இரண்டாம் வகுப்பு நோட்டுகள் காலியாக இருக்கின்றன, பிள்ளைகள் பின்தங்கிவிட்டார்கள், டீச்சரை மாற்ற வேண்டும் என்று இருந்தது. பத்தொன்பது கையெழுத்து, இரண்டு கைநாட்டு.

ஹெட்மாஸ்டர் பவுதீலியோ கெட்ட மனிதர் இல்லை. முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருந்தால் அவருக்கு உலகத்தில் எந்தப் பிரச்சினையும் கிடையாது. செவ்வாய்க்கிழமை எடெல்மிராவைக் கூப்பிட்டு மெமோவைக் கையில் கொடுத்தார். மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் வேண்டும், வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டும், அவர்கள் திருப்தி அடையாவிட்டால் இந்த வகுப்பை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டு அவளை நூலக அறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். நூலக அறை என்பது உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் இடம்.

இருபத்தாறு பிள்ளைகளில் ஒருத்தி இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறாள். இன்னும் நாலைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள், இன்றோ நாளையோ அவர்களுக்கும் வந்துவிடும். இந்த நேரத்தில் வகுப்பு கை மாறினால் மறுநாளே பலகையில் ஒரு வரி ஏறும், பிள்ளைகள் நிம்மதியாகச் சிவப்பும் நீலமுமாக நிரப்ப ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையை அப்படியே எழுதி அவர்கள் வாயை அடைக்கிறேன் என்று வீட்டுக்கு வந்தாள்.

மேசையைத் துடைத்தாள். வறுத்த சோளம் ஒரு கிண்ணம் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எங்கள் நாட்டில் ஒவ்வொரு வருடத்துக்கும் அரசாங்கம் ஒரு பெயர் வைக்கும், எந்தக் காகிதமானாலும் முதலில் அந்தப் பெயரைப் போட வேண்டும். அதைப் போட்டாள். தேதி போட்டாள். பொருள் என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாள், சிவப்பில். அத்தோடு பேனா நின்றுவிட்டது.

சோளம் தீர்ந்தது. பேனா நகரவில்லை. மனதுக்குள் எல்லாம் இருந்தது. ஹெர்மெலிண்டா, தாயில்லாத பையன், ஓட்ஸ் பாக்கெட், மதகு எல்லாம் வரிசையாக நின்றன. எதையும் தாளில் இறக்கத் தெரியவில்லை. முதல் வரி எழுதினால் பள்ளிப் பிள்ளை எழுதியது போல இருந்தது, அடித்தாள். இரண்டாவது முறை எழுதினால் ஹெட்மாஸ்டர் எழுதியது போல இருந்தது, அதையும் அடித்தாள். புதன்கிழமையும் இதே கதைதான். “என்னதான் போடுறது?” என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன குரல் அவள் காதுக்கே யெஃபர்சனின் குரல் மாதிரி கேட்டது. அவமானத்தில் தாளைக் கசக்கி அடுப்பில் போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நெலிதாவிடம் போய் நின்றாள்.

“இதுக்கா ரெண்டு நாளா மண்டைய உடைச்சிட்டிருக்க? என்கிட்ட மாதிரி இருக்குடி. பேரையும் நம்பரையும் தேதியையும் மாத்து, ஹெச்.எம். முத்திரை குத்துவாரு, முடிஞ்சுது” என்று நெலிதா பென் டிரைவை எடுத்துக் கொடுத்தாள்.

சதுக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் அதைத் திறந்தபோது எடெல்மிராவுக்கு அப்பாடா என்றிருந்தது. எவ்வளவு கம்பீரமாக இருந்தது! ‘கீழே கையொப்பமிட்டுள்ள நான், தங்கள் சமூகத்துக்கு உரிய மரியாதையுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்’ என்று ஆரம்பித்து, இரண்டு பக்கம், ஓர் ஓட்டை இல்லாமல் நிறைந்திருந்தது. போன வருடத்துப் பெயரை எடுத்துவிட்டு இந்த வருடத்துப் பெயரைப் போட்டாள். தன் பெயர், அடையாள அட்டை எண், தேதி எல்லாம் மாற்றினாள். ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பார்த்தாளே தவிர படிக்கவில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வகுப்பறை நிறைந்திருந்தது. பெரியவர்கள் குட்டிப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள், மடியிலும் காலடியிலும் பிள்ளைகள். பேர் வாசித்து ஆஜர் எடுத்தார்கள். சங்கத்துச் செயலாளர் தீர்மான நோட்டைத் திறந்து, போன கூட்டத்தின் முதல் பத்தியைப் பார்த்து அப்படியே இறக்கினார். எலாதியோ முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, தொப்பியைக் கழற்றாமல் இருந்தான். மிலுஸ்கா அவன் முழங்காலில் சாய்ந்து நின்றாள். கிறிசாந்தா ஜன்னலோரம் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

ஹெட்மாஸ்டர் சைகை காட்டினார். எடெல்மிரா எழுந்து வாசித்தாள். குரல் நன்றாகத்தான் வந்தது. மரியாதையுடன் சமர்ப்பித்துக்கொண்டாள், கடமை உணர்வைக் குறிப்பிட்டாள், பத்தொன்பது வருட அப்பழுக்கற்ற சேவையை நினைவூட்டினாள். இரண்டாவது பக்கத்தைத் திருப்பினாள்.

‘மேற்படி நாளில், நகரத்திலிருந்து வரும் பேருந்து ஆற்றுப் பாலத்தருகே பழுதாகி நின்றுவிட்ட காரணத்தால், என் விருப்பத்துக்கு முற்றிலும் மாறாக நேர்ந்த இக்குறைபாட்டினைப் பொறுத்தருளுமாறும்…’

வாசித்த வாயோடு அவளுக்குப் பகீரென்றது. நெலிதா போன வருடம் தாமதமாக வந்ததற்கு எழுதிக் கொடுத்த விளக்கம் அது. நெலிதா ஹுவான்காயோ நகரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். எடெல்மிராவின் வீடு பள்ளிக்கு மேலே, பத்து நிமிட நடை.

தாளிலிருந்து கண்ணைத் தூக்கினாள். ஒருவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. ஹெட்மாஸ்டர் தலையாட்டிக்கொண்டிருந்தார். செயலாளர் ‘பேருந்து பழுது’ என்று எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார் என்று பின்னால் யாரோ பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நோட்டு காலியாக இருப்பதற்கும் பாலத்தில் நின்ற பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்த அறையில் ஓர் ஆள் இல்லை. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் வகுப்பு போய்விடும். கடைசி வரிவரை வாசித்து, இனி இத்தகைய குறை நேராது என்று உறுதி கூறி, உட்கார்ந்தாள். கை தட்டினார்கள்.

கை தட்டல் அடங்கியதும் மிலுஸ்கா அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

“அப்பா, டீச்சர் பஸ்ல வர்றதில்லையே.”

“சும்மா இரு.”

“நடந்துதான் வருவாங்க. நம்ம வயலுக்கு மேல் வழியா. நான் பாத்திருக்கேன்.”

பிள்ளை மெதுவாகத்தான் சொன்னாள். அறை அமைதியாக இருந்ததால் எல்லோர் காதிலும் விழுந்தது. கிறிசாந்தாவின் ஊசி நின்றது. ஹெட்மாஸ்டர் கையை நீட்டித் தாளை வாங்கி, முதல் தடவையாக அதைப் படித்தார். செயலாளர், பஸ் என்று எழுதியாகிவிட்டது, அடிப்பதா வேண்டாமா என்று கேட்டார்.

எடெல்மிராவுக்குக் காது இரண்டும் கொதித்தன. இனி மறைக்க எதுவும் இல்லை என்றான பிறகு பேச்சு வந்தது.

“அவ சொல்றதுதான் சரி. நான் பஸ்ல வர்றதில்ல. இது வேற ஒருத்தர் எழுதினது, நான் பாத்து எழுதிட்டு வந்தேன். ரெண்டு நாள் உக்காந்து பாத்தேன், எனக்கு ஒரு வரி வரல. பத்தொம்பது வருஷமா உங்க பிள்ளைங்களுக்கு எழுதச் சொல்லிக் குடுக்குறவளுக்கு ஒரு வரி வரல. என்னை மாதிரியே அவங்களும் ஆகிறக் கூடாதுனுதான் நோட்டு காலியா கிடக்கு. வேற விளக்கம் என்கிட்ட இல்ல.”

கிறிசாந்தாதான் முதலில், பின்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“என் மூத்தவன் போன வருஷம் இந்த டீச்சர்கிட்டதான் படிச்சான். நோட்டு பூரா நிறைஞ்சு கிடந்துச்சு. திறந்து பாத்தா அவன் அம்மா பேரு ஹெர்மெலிண்டானு இருக்கு. யாருடா அவ, உங்கப்பனுக்கு எங்கருந்து வந்தானு வீட்ல பெரிய சண்டையே நடந்துச்சு.”

அறை வெடித்துச் சிரித்தது. எலாதியோ மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான்.

“எனக்கு நோட்டப் பத்தி ஒண்ணும் இல்ல டீச்சர். நான் பண்ணது தப்பு, வாய்க்கால வாரிட்டேன், அது முடிஞ்சுது. ஆனா வீட்ல நடக்குறத நீங்க சுவத்துல ஒட்டிட்டீங்க. என் பிள்ளை நம்பி உங்ககிட்டதான குடுத்துச்சு?”

அந்த மனுவிலும் இல்லாத, அவளுடைய இரண்டு பக்கத்திலும் இல்லாத ஓர் உண்மையான வாக்கியம் அன்று மத்தியானம் அவன் வாயிலிருந்து வந்தது. அதை ஒட்டியிருக்கவே கூடாது, தப்புதான் என்று எடெல்மிரா சொன்னாள்.

அப்புறம் பெரியவர்கள் கூடினால் நடக்கும் வழக்கமான வேலை நடந்தது. ஒரு மணி நேரம் பேசினார்கள். டீச்சர் இருக்கட்டும், டிசம்பர்வரை இவளே எடுக்கட்டும். ஆனால் நோட்டு நிறைய வேண்டும், தினமும் இரண்டு பக்கம், பலகையைப் பார்த்து. சொந்தமாக எழுத வேண்டுமானால் நோட்டின் கடைசிப் பக்கம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் எப்படியும் கிறுக்கத்தானே செய்கிறார்கள்? அங்கே என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், சுவரில் மட்டும் ஒட்டக் கூடாது. கடைசிப் பக்கம் என்று முதலில் சொன்னவன் எலாதியோதான். எல்லாக் கையும் மேலே போனது. செயலாளர் பழைய தீர்மானத்தைப் பார்த்து, ‘ஏகமனதாக’ என்று முடித்தார்.

நூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு பக்கம். ஐந்து மாத ரத்தக் கொதிப்புக்கு ஊர் கொடுத்த பங்கு அவ்வளவுதான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு உடைந்த பெஞ்சுகளோடு போய் உட்காரலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு போட்டாள். வீடுவரை வாய்க்குள் திட்டிக்கொண்டே நடந்தாள். ஊரைத் திட்டினாள், நெலிதாவைத் திட்டினாள், பாலத்தருகே நின்ற பஸ்ஸைத் திட்டினாள். தன்னைத்தான் அதிகம் திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பலகையில் இரண்டு பக்கத்துக்கு ஆகும்படி எழுதிப் போட்டாள். சிவப்பா நீலமா என்று கேட்டார்கள், சொன்னாள். வகுப்பே நிம்மதியாகக் குனிந்து எழுதியது. இவ்வளவு சந்தோஷமாக அவர்களை அவள் மார்ச்சிலிருந்து பார்த்ததில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது பலகையை அழித்துவிட்டு, எல்லோரும் கடைசிப் பக்கத்தைத் திறங்கள், அங்கே உங்கள் இஷ்டம், நானும் ஊரும் கேட்க மாட்டோம் என்றாள்.

யெஃபர்சன் கையைத் தூக்கினான்.

“டீச்சர், கடைசிப் பக்கத்துக்குச் சிவப்பா, நீலமா?”

இருபத்தைந்து தலைகள் பதிலுக்காக நிமிர்ந்தன. எடெல்மிரா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அடித்தொண்டையில் கிளம்பிய கத்தலை விழுங்கிக்கொண்டு, கடைசிப் பெஞ்சுப் பக்கம் நடந்தாள். அங்கே ஒரு தலை மட்டும் நிமிரவில்லை. மிலுஸ்கா சாதாரணப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள். முழங்கையால் மறைக்கவும் இல்லை.

‘டீச்சர் வேற யாரோ எழுதினத படிச்சாங்க. அப்புறம் உண்மைய சொன்னாங்க. அவங்க காது ரெண்டும் சிவந்துருச்சு. அப்பா வீட்டுக்கு வந்து நல்ல டீச்சர்தான்னு சொன்னாரு. ஆனா நோட்டு நிறையணும்னாரு’

படித்ததும் காது மறுபடி சூடானது. ஹெட்மாஸ்டர் நோட்டுப் பார்க்க வரும்போது இந்தப் பக்கத்தையும் திருப்புவார். நெலிதா பார்ப்பாள். சுவரில் ஒட்டப்பட்ட மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிடம் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. கை தன்னால் மேசைமேல் இருந்த ரப்பரைத் தொட்டது. மிலுஸ்கா பென்சிலைப் பிடித்தபடி, இரண்டு பல் இல்லாத வாயோடு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடெல்மிரா ரப்பரைத் தூக்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“கடைசில புள்ளி வைக்கலையே. வை” என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.